மறைந்தவரின் ஓய்வூதியமும் நோயுற்றவரின் உதவிப்பணமும்



சில காலத்திற்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் என் பழைய மாணவி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்த காலத்தில், என் சரித்திர வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்திருந்தவள். மணமுடித்துக் கணவனோடு அந்நாட்டிற் குடியேறி, ஒரு மகனையும் பெற்று வாழ்ந்தவள். அவள் பெயரை இங்கே கூறுவது முறையன்று. கடிதத்தின் சாரத்தை மாத்திரம் கூறுகின்றேன்.

அவளுக்கு மூட்டுவாத நோய். நான்கு ஆண்டுகளாக வேலைக்குச் செல்ல இயலவில்லை. கைவிரல்கள் மடங்கா, காலையில் எழுந்து தேநீர்க் கோப்பையைத் தூக்குவதே பெரும்பாடு. ஆதலின் அந்நாட்டு அரசாங்கம் நோயுற்றோருக்கு வழங்கும் உதவிப்பணத்தைப் பெற்று வந்தாள். அந்நிலையிலேயே கணவன் ஒருநாள் நெஞ்சுவலி கண்டு இறந்துபோனான். அவன் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தொழிற்சாலையில் ஓய்வூதியத் திட்டம் ஒன்று இருந்தது. அத்திட்டத்தை நடத்துவோர், மனைவிக்கு உரிய ஓய்வூதியத்தைக் கோருவதற்கு ஒரு பத்திரத்தை அனுப்பியிருந்தார்கள். அதை நிரப்பி ஒப்பமிட்டு அனுப்பினால் போதும்.

ஆனால் அவள் அனுப்பவில்லை. அயலில் வசித்த ஓர் அம்மா, "பிள்ளை, அந்தப் பென்சனை எடுத்தால் உனக்கு வருகிற வருத்தக் காசு நின்றுபோகும்; பிறகு வீட்டையும் பறித்துப் போடுவார்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்கு அஞ்சி, பத்திரத்தைச் சுவாமிப் படத்தின் கீழே வைத்துவிட்டாள். நான்கு மாதங்கள் சென்றுவிட்டன. "ரீச்சர், நான் இதை நிரப்புவதா, கிழித்தெறிவதா? உங்களைத் தவிர எனக்குக் கேட்பதற்கு ஆளில்லை" என்று கடிதத்தை முடித்திருந்தாள்.

சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்வியை ஆசிரியரிடம் கேட்பது நம்மவர் வழக்கம். கேட்கப்பட்ட ஆசிரியரும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுதல் தகாது. ஆகவே நான் அந்நாட்டுச் சட்டங்களையும் விதிகளையும் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது, இவ்விஷயம் என் மாணவி ஒருத்திக்கு மாத்திரம் உரியதன்று என்பது புலனாயிற்று. கடல் கடந்து வாழும் சகோதரியையோ மகளையோ உடைய குடும்பங்கள் நம்மிடையே மிகப் பல. இங்கேயே கணவனை இழந்து, நோயோடும் போராடுகின்ற பெண்களும் பலர். அவர்கள் எல்லோரையும் மனத்திற்கொண்டே இன்றைய பேச்சை நிகழ்த்துகின்றேன்.

நேயர்களே, சட்டத்தினுள் நுழைவதற்கு முன்னர், நமது ஊருக்குள் ஒருமுறை சென்று வருவோம்.

நம் கிராமங்கள் பலவற்றில் மரண சகாய சங்கம் என்று ஒன்று உண்டு. அங்கத்தவர்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்தி வருவார்கள். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், சங்கத்தின் தனாதிகாரி அன்றைக்கே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வீடு கல்வீடா மண்வீடா என்று அவர் பார்ப்பதில்லை. இறந்தவர் சந்தாவைச் செலுத்தினாரா என்று பார்ப்பார்; அவ்வளவே. அப்பணம் தருமம் அன்று, உரிமை.

அதே கிராமத்தில், வறியோர்க்கு அரிசியும் உடுபுடவையும் கொடுக்கின்ற தரும கைங்கரியங்களும் நடைபெறும். அங்கே எவரும் சந்தாவைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிகின்றதா, உழைப்பவர் இருக்கின்றாரா, வேறு வருமானம் உண்டா என்றே விசாரிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புகின்றான் என்று தெரிந்தால், அந்தப் பையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். அதுவும் நியாயமே. இல்லாதவர்க்கென்று ஒதுக்கியதை இல்லாதவர்க்கே கொடுக்கவேண்டும்.

ஒன்று சந்தாப் பெட்டி. மற்றது தருமப் பெட்டி. இந்த இரண்டு பெட்டிகளையும் வேறுபிரித்து அறிந்தவர்க்கு, இன்றைய விஷயத்தில் முக்காற்பங்கு விளங்கிவிட்டது எனலாம். என் மாணவியின் அச்சமெல்லாம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதனால் விளைந்ததே.

பிரித்தானியாவில் இவ்விரண்டு பெட்டிகளும் எவ்வாறு தோன்றின என்பதைச் சிறிது பார்ப்போம். 1931ஆம் ஆண்டில், உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், நீண்டகாலம் வேலையற்றிருந்தோருக்குப் பணம் கொடுப்பதற்கு அந்நாட்டு அரசாங்கம் ஒரு சோதனையை விதித்தது. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, அவ்வீட்டில் உள்ள எல்லோருடைய வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். மகன் உழைத்தால் தந்தையின் உதவி குறைந்தது. அச்சோதனை தொழிலாளர் மனத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கியது. பின்னர், யுத்தத்தின் நடுவே, 1942ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சேர் வில்லியம் பெவரிட்ஜ் என்பார் தமது புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். தொழில் செய்வோர் வாரந்தோறும் ஒரு பங்குப்பணத்தைச் செலுத்துதல் வேண்டும். நோய், வேலையின்மை, முதுமை முதலியன வந்தபோது, வீட்டைச் சோதியாமல், உரிமையாகவே உதவியைப் பெறுதல் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர்நாடி. 1946ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் அதற்கு உருவங் கொடுத்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் திகதி அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், பங்குப்பணம் செலுத்த வாய்ப்பற்றவர்க்கென, வருமானத்தைச் சோதித்துக் கொடுக்கும் தேசிய உதவிச் சட்டமும் பிறந்தது. சந்தாப் பெட்டியும் தருமப் பெட்டியும் அன்றே அருகருகே வைக்கப்பட்டன. பெயர்கள் பலமுறை மாறினாலும் பெட்டிகள் இரண்டாகவே இருந்து வருகின்றன.

நோயுற்றோருக்கான சந்தாப் பெட்டியின் உதவி 1995இல் ஒரு பெயரும், 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் வேறொரு பெயரும் பெற்றது. 2008இல் வந்த பெயர் எம்பிளோய்மென்ற் அன்ட் சப்போட் அலவன்ஸ் என்பதாகும். பேச்சின் வசதிக்காக நான் அதனை நோயுதவி என்று கூறுவேன். பங்குப்பணம் செலுத்தியதனாற் கிடைப்பது, வருமானத்தைச் சோதித்துக் கொடுப்பது என அதற்கும் இரு வகைகள் ஏற்பட்டன. பிற்காலத்தில் வருமானச் சோதனை வகையின் இடத்தை, 2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிற் என்னும் பொது உதவி படிப்படியாக எடுத்துக்கொண்டது. பங்குப்பண வகையை அங்குள்ளோர் 'நியூ ஸ்ரைல்' என்னும் அடைமொழியோடு அழைக்கின்றனர்.

இனி, ஓய்வூதியம் இவற்றை எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பார்ப்போம்.

முதலிற் சந்தாப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். சந்தாப் பெட்டியில் வேறு வருமானத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். அந்த விதிக்கு 2001ஆம் ஆண்டில் ஒரு விலக்கு வந்தது. நோயுதவி பெறுகின்றவர், தாம் உழைத்த தொழிலிலிருந்து தமக்கென ஓய்வூதியமும் பெறுவாராயின், அவ்வோய்வூதியம் வாரத்துக்கு 85 பவுணைத் தாண்டுமிடத்து, தாண்டிய தொகையிற் பாதி நோயுதவியிலிருந்து கழிக்கப்படும் என்பதே அவ்விலக்கு. ஓர் உதாரணம் காட்டுகின்றேன். ஒருவருக்கு அவருடைய சொந்த ஓய்வூதியம் வாரம் 120 பவுண் என்று வைத்துக்கொள்வோம். 85ஐக் கழித்தால் எஞ்சுவது 35. அதிற் பாதி பதினேழரைப் பவுண். அவருடைய நோயுதவியில் வாரந்தோறும் பதினேழரைப் பவுண் குறையும்.

அயல்வீட்டு அம்மா கேள்விப்பட்டது இந்த விதியைத்தான் என்று நினைக்கின்றேன். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். மற்றப் பாதி அதே விதிகளில் சில வரிகள் தள்ளி எழுதப்பட்டிருக்கின்றது. ஓய்வூதியத் திட்டத்தின் அங்கத்தவர் ஒருவர் இறந்தமையால், அவருக்குப்பின் உரித்துடையவராக ஒருவர் பெறுகின்ற ஓய்வூதியம் இந்தக் கழிப்பனவுக்கு உட்படாது என்பதே அது. தெளிவாகச் சொன்னால், தன் ஓய்வூதியம் கணக்கிற் சேரும். மறைந்த கணவனின் அல்லது மனைவியின் ஓய்வூதியம் சேராது. அது 120 பவுணாயினும் சரி, 220 பவுணாயினும் சரி, பங்குப்பணத்தினாற் கிடைக்கும் நோயுதவியில் ஒரு பென்ஸ் தானும் குறையாது.

இதன் நியாயத்தை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றேன். ஒருவர் தம் ஊதியம் நின்றதற்கு ஈடாகத் தம் ஓய்வூதியத்தைப் பெறுகின்றார். நோயுதவியும் அதே ஊதியத்துக்கு ஈடானதே. ஒரு நட்டத்துக்கு இரண்டு ஈடு எனச் சட்டம் அங்கே தடை சொல்கின்றது. ஆனால் கணவனை இழந்தவளுக்கு நேர்ந்தவை இரண்டு நட்டங்கள். தன் உடல்நலம் போயிற்று, துணையும் போயிற்று. இரண்டு நட்டங்களுக்கு இரண்டு ஈடுகள் என்பதிற் பிழையில்லை.

இங்கே இன்னொரு நுணுக்கத்தையும் கூறவேண்டும். மேலே சொன்னது தொழில் வழங்கியவரின் திட்டத்திலிருந்தோ தனியார் திட்டத்திலிருந்தோ வரும் ஓய்வூதியத்தைப் பற்றியது. அரசாங்கத்தின் தேசிய காப்புறுதி நிதியே விதவைகளுக்கு வாரந்தோறும் வழங்கிய பழைய படிகள் சில உள. அவற்றையும் நோயுதவியையும் ஒருவர் முழுமையாக ஒருங்கே பெறமுடியாது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருவன ஆதலின், ஒன்று மற்றொன்றோடு பொருந்திக் கழியும்.

இப்பொழுது தருமப் பெட்டிக்கு வருவோம். இங்கே கதை வேறு. யுனிவர்சல் கிரெடிற் போன்ற வருமானச் சோதனை உதவியைப் பெறுகின்றவருக்கு, மறைந்த கணவனின் ஓய்வூதியமும் வருமானமே. அது பவுணுக்குப் பவுண் கழிக்கப்படும். 85 பவுண் சலுகை இங்கே இல்லை. உரித்துடையவர் என்ற விலக்கும் இல்லை. ஓய்வூதியம் மாதம் 300 பவுணாயின், உதவி மாதம் 300 பவுணாற் குறையும். உதவி அதற்குக் குறைவாயின் முற்றாக நின்றுவிடும்.

கணவனின் இறப்பின்போது ஒரு முழுத்தொகையும் கையில் வருமாயின் அதையும் கவனிக்கவேண்டும். யுனிவர்சல் கிரெடிற்றைப் பொறுத்தவரை, கையிருப்பு 6,000 பவுண் வரை இருப்பின் பாதிப்பில்லை. அதற்கு மேற்பட்டால் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4 பவுண் 35 பென்ஸ் வருமானம் வருவதாகக் கணிப்பார்கள். 16,000 பவுணைத் தாண்டினால் உதவியே கிடையாது. பங்குப்பண நோயுதவிக்கோ கையிருப்பு எவ்வளவாயினும் தடையில்லை.

அப்படியானால், வருமானச் சோதனை உதவி பெறுகின்றவள் கணவனின் ஓய்வூதியத்தை வாங்காமலே விட்டுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நேயர்களே, இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன். விண்ணப்பித்தாற் கிடைக்கக்கூடிய வருமானத்தை ஒருவர் விண்ணப்பியாமல் விட்டாலும், அதைப் பெற்றவராகவே அவரைக் கணிப்பதற்கு அவ்விதிகள் இடமளிக்கின்றன. கையில் வராத பணத்துக்காக, கைக்கு வருகின்ற பணம் குறைக்கப்படலாம். ஆகவே பத்திரத்தைச் சுவாமிப் படத்தின் கீழே வைப்பதனால் எவருக்கும் எவ்வித ஆதாயமும் இல்லை. சந்தாப் பெட்டிக்காரிக்கு அது வீண் நட்டம். தருமப் பெட்டிக்காரிக்கு அது இரட்டை நட்டம்.

இவ்விரு பெட்டிகளிலும் அடங்காத உதவிகளும் உண்டு. உடற்குறையினால் அன்றாட வாழ்வுக்கும் நடமாட்டத்துக்கும் ஏற்படும் மேலதிகச் செலவுக்காக, 2013 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ற் என்னும் படி வழங்கப்படுகின்றது. அது வருமானத்தையும் பார்ப்பதில்லை, பங்குப்பணத்தையும் பார்ப்பதில்லை. ஊன்றுகோலின் விலை ஓய்வூதியம் வந்ததாற் குறைந்துவிடாது அன்றோ! ஆகவே கணவனின் ஓய்வூதியம் அந்தப் படியைத் தீண்டாது.

துணையை இழந்தவர்க்கென 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் திகதி தொடங்கிய உதவியும் ஒன்று உண்டு. அதன் பெயர் பிரீவ்மென்ற் சப்போட் பேமென்ற். துணையிழந்தவர் அரசாங்க ஓய்வூதிய வயதை அடையாதவராகவும், இறந்தவர் ஏதேனும் ஒரு வரி ஆண்டிற் குறைந்தது இருபத்தைந்து வாரங்களுக்காவது பங்குப்பணம் செலுத்தியவராகவும் இருத்தல் வேண்டும். வளர்க்கவேண்டிய பிள்ளையை உடையவர்க்கு முதலில் 3,500 பவுணும், பின்னர் மாதம் 350 பவுண் வீதம் பதினெட்டு மாதங்களும் எனத் திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்டது. பிள்ளையில்லாதவர்க்கு 2,500 பவுணும், மாதம் 100 பவுணும். வருமானச் சோதனை உதவியைக் கணிக்கும்போது இம்மாதப் பணத்தை வருமானமாக எடுப்பதில்லை. முதலில் வரும் தொகையை ஓராண்டுக்குக் கையிருப்பாகவும் எடுப்பதில்லை. ஆனால் இறப்பு நேர்ந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்தாலே இதனை முழுமையாகப் பெறலாம். பிந்தினால் மாதக் கொடுப்பனவுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். ஓராண்டு கடந்தால் முதற் தொகையே போய்விடும்.

என் மாணவிக்கு நான் எழுதிய மறுமொழியின் சுருக்கத்தை இப்போது கூறுகின்றேன். முதலாவது, உனக்கு வரும் உதவிப்பணத்தின் பெயரை அரசாங்கம் அனுப்பிய கடிதத்திற் பார். 'வருத்தக் காசு' என்னும் பெயரிற் சட்டத்தில் ஒன்றுமில்லை. அது பங்குப்பண வகையா, வருமானச் சோதனை வகையா, இரண்டும் கலந்ததா என்று கண்டுபிடி. இரண்டாவது, வருகின்ற ஓய்வூதியம் உன்னுடையதா கணவனுடையதா என்பதை அத்திட்டத்தினர் எழுதிய கடிதத்திலிருந்து உறுதிப்படுத்திக்கொள். மூன்றாவது, எவ்வகையாயினும் பத்திரத்தை நிரப்பி அனுப்பு. பணம் வரத் தொடங்கியதும் உதவி வழங்கும் திணைக்களத்துக்கு உடனே அறிவித்துவிடு. குறையாது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் அறிவி. அறிவிக்காமல் விட்டதனாற் கூடுதலாகப் பெற்ற பணத்தைப் பின்னர் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர்கள் பலர். நான்காவது, துணையிழந்தோர் உதவிக்கு இன்றே விண்ணப்பி. ஐந்தாவது, உன் ஊரிலுள்ள சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்குச் செல். 1939 முதல் இலவசமாக ஆலோசனை கூறிவரும் நிலையங்கள் அவை. அயலவரிடம் அனுதாபத்தைப் பெற்றுக்கொள். சட்டத்தை மாத்திரம் சட்டம் அறிந்தவரிடம் கேள்.

ஆறு வாரங்களின் பின் அவளுடைய இரண்டாவது கடிதம் வந்தது. அவளுக்கு வந்து கொண்டிருந்தது இரண்டும் கலந்தது. பெரும்பகுதி பங்குப்பண நோயுதவி. அதற்கு மேல் மாதம் 310 பவுண் யுனிவர்சல் கிரெடிற். கணவனின் ஓய்வூதியம் மாதம் 520 பவுண் என்று தீர்மானமாயிற்று. நோயுதவி குறையவில்லை. 310 பவுண் முற்றாக நின்றுவிட்டது. ஆக, மாதந்தோறும் அவள் கைக்கு வந்த மிகுதி 210 பவுண். ஓய்வூதியத்துக்கும் இவ்வகை நோயுதவிக்கும் வருமான வரி உண்டு ஆதலின், அதற்கும் சிறிது ஒதுக்கவேண்டும். வருமானச் சோதனை உதவி நின்றதனால், அதனோடு ஒட்டி வந்த வேறு சலுகைகளையும் மறுபடி கணக்குப் பார்க்க நேர்ந்தது. துணையிழந்தோர் உதவியில் ஒரு மாதக் கொடுப்பனவு காலம் பிந்தியதாற் போயிற்று. அயல்வீட்டுச் சொல்லுக்கு அவள் கொடுத்த விலை அது.

அக்கடிதத்தில் ஒரு வரி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. "அவர் பதினெட்டு வருஷம் குளிரிலே நின்று உழைத்துச் சேர்த்த காசில், முந்நூற்றுப் பத்துப் பவுண் எனக்கு வரவேயில்லை, ரீச்சர், அரசாங்கத்துக்குத்தான் மிச்சமாயிற்று" என்று எழுதியிருந்தாள். இதற்கு நான் என்ன மறுமொழி கூறுவேன்? தருமப் பெட்டியின் நியாயப்படி அது சரியே. இருப்பவளுக்குக் கொடுத்ததை நிறுத்தி இல்லாதவளுக்குக் கொடுக்கின்றார்கள். ஆயினும், சிறுகச் சிறுகச் சேமித்தவனின் மனைவியும் சேமியாதவனின் மனைவியும் ஈற்றில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும் நிலை, சேமிப்பின் பெருமையைக் குறைக்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. பெவரிட்ஜ் அவர்கள் வருமானச் சோதனையை விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். சோதனைக் கோடு எங்கே கீறப்பட்டாலும், கோட்டருகே நிற்பவர் கால் நோகவே செய்யும். அந்நோவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நோகும் என்று அஞ்சிப் பத்திரத்தை ஒளித்து வைப்பது அந்நோவுக்கு மருந்தாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டிலும் இவ்விரு பெட்டிகள் உண்டு. அரசாங்க சேவையாளரின் மனைவி பிள்ளைகளுக்கான விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி, 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் ஏற்பட்டது. பெவரிட்ஜ் அறிக்கைக்கு நாற்பத்துநான்கு ஆண்டுகள் முந்தியது அது. பெண் உத்தியோகத்தர் இறந்தால் அவர்தம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை தரும் தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியச் சட்டம், 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படும் பங்கே இதற்கு அடிப்படை. இது சந்தாப் பெட்டி. கணவனின் ஓய்வூதியத்தைப் பெறச் செல்லும் பெண், தருமம் கேட்கச் செல்பவள் போலத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. தன் உழைப்பினால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத உடற்குறையுள்ள பிள்ளை இருக்குமாயின், அப்பிள்ளையின் உரிமையைப் பற்றியும் ஓய்வூதியத் திணைக்களத்திடமோ பிரதேச செயலகத்திடமோ தவறாது விசாரித்து, வைத்திய அத்தாட்சிகளோடு பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்த ஊழியர் சேமலாப நிதி உண்டு. அது மாத ஓய்வூதியம் அன்று, முழுத்தொகை. நோயினால் நிரந்தரமாகவே தொழில் செய்ய இயலாமற் போனால், உரிய வயதுக்கு முன்னரே அதனைப் பெறலாம். இறந்தால், பின்னுரித்தாளராக நியமிக்கப்பட்டவருக்குச் சேரும்.

மறுபுறத்தில், 2023இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற நலன்புரி உதவிகள், வீட்டின் பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி முதலியவற்றை நோக்கித் தெரிவு செய்பவை. அவை தருமப் பெட்டியின் வழியைச் சேர்ந்தவை. அங்கே வீட்டின் வருமானத்தை மறையாது கூறுவதே முறை.

ஈற்றில், எங்கு வாழ்பவர்க்கும் பொதுவான ஒரு சொல். என் மாணவியின் பத்திரம் மேலும் தாமதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவள் பெயர் ஒருவிதமாக எழுதப்பட்டிருந்தது. விவாக அத்தாட்சிப் பத்திரத்தில் வேறுவிதம். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அவள் பெயராகவும் அவள் பெயர் தந்தையின் பெயராகவும் மாறியிருந்தது. தமிழிலிருந்த விவாகப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டது. இவை எல்லாம் கணவன் உயிரோடிருந்த காலத்தில் ஒரு நாட் பிற்பகலிற் சரிசெய்திருக்கக் கூடியவை.

நம் வீடுகளில் இறப்பைப் பற்றிப் பேசுவதை அபசகுனம் என்று தள்ளிவிடுகின்றோம். கணவன் தன் ஓய்வூதியத் திட்டத்தின் பெயரை மனைவிக்குச் சொல்வதில்லை, மனைவியும் கேட்பதில்லை. பின்னர் ஒருநாள், அழுது வீங்கிய கண்களோடு, விளங்காத மொழியிலுள்ள பத்திரங்களை அவள் தனியே புரட்டுகின்றாள். நேயர்களே, இன்று இரவு உணவு முடிந்தபின், வீட்டிலுள்ள பத்திரங்களை மேசைமீது எடுத்து வையுங்கள். எந்தத் திட்டம், எந்த இலக்கம், பின்னுரித்தாளர் யார், பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆயுள் முழுவதும் உழைத்துப் போட்டதை அளந்து அறிந்துகொள்வதில் அபசகுனம் எதுவுமில்லை.

என் மாணவியின் வீட்டிற் சுவாமிப் படத்தின் கீழே இப்போது பத்திரம் எதுவும் இல்லையாம். கணவனின் ஓய்வூதியம் மாதந்தோறும் வருகின்ற நாளில், அங்கே ஒரு விளக்கை ஏற்றி வைக்கின்றாளாம்.